கோஆ மரத்தின் குரல்

வைகிகி கடற்கரைச் சாலையில் பத்தடிக்கு ஒரு கடை. பூப்போட்ட சட்டை, சிப்பி மாலை, சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் நடுவே எந்தக் கடையிலும் உகுலேலே தொங்குகிறது. மஞ்சள், ஊதா, பச்சை என்று சாயம் பூசி, மேலே ஆமையோ டால்பினோ வரைந்திருப்பார்கள். முப்பது, நாற்பது டாலரை நீட்டினால் பையில் போட்டுத் தந்துவிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி இசைக்கருவிக் கடைக்குள் போனால் அதே அளவில், அதே நான்கு நரம்புகளோடு, சாயமே பூசாத ஒரு பழுப்பு மரக்கருவி கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முழத்தைச் சற்றே தாண்டும் நீளம். விலையோ ஆயிரத்தில் தொடங்கிச் சில ஆயிரம் டாலர் வரை. ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விலைச்சீட்டை மறுபடி திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கிளம்பியதில், கடலை விட்டுவிட்டு ஹவாயில் பட்டறை பட்டறையாகச் சுற்றும்படி ஆயிற்று.

முதலில் ஹொனலூலு நகருக்குள்ளேயே இருக்கும் கமாகா. சாமுவேல் கமாகா என்பவர் 1916-இல் தன் வீட்டின் அடித்தளத்தில் தொடங்கிய தொழில் இது. இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. 1920-களில் அவர் இடுப்பு வளைவே இல்லாத, அன்னாசிப்பழ வடிவ உகுலேலே ஒன்றைச் செய்து பார்த்தார். 1928-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இந்தப் பட்டறையில் காது கேளாதவர்கள் பலர் பல்லாண்டுகள் வேலை பார்த்திருக்கிறார்கள். பலகை போதிய அளவுக்கு மெலிந்துவிட்டதா என்பதை அவர்கள் தட்டி, விரல் நுனியில் ஓடும் அதிர்வை வைத்தே சொல்லிவிடுவார்களாம். இசைக்கருவியை உண்டாக்கக் காதே வேண்டாம் என்ற செய்தி என்னை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது.

உகுலேலேயை ஹவாயின் ஆதிக் கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை. 1879 ஆகஸ்ட் 23 அன்று 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹொனலூலுவுக்கு வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் கடலில் உள்ள மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நானூற்றுக்கும் மேற்பட்ட போர்ச்சுகீசியர்கள் அதில் வந்தார்கள். கடலிலேயே நான்கு மாதம். அவர்களில் மனுவேல் நூனிஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ, அகஸ்டோ டியாஸ் என்ற மூவர் தச்சர்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலூலுவுக்கு வந்து கடை போட்டார்கள். தங்கள் ஊரின் சின்னஞ்சிறு மஷெட் வாத்தியத்தின் உருவத்தையும், ரஜாவ் என்ற இன்னொரு வாத்தியத்தின் சுருதியமைப்பையும் சேர்த்து, உள்ளூர் மரத்தில் இழைத்தார்கள். பிறந்தது உகுலேலே. அரசர் கலாகௌவா அதை அரண்மனைக்குள் கூப்பிட்டு ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக்கினார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அதற்குப் பைத்தியம் பிடித்தது. கமாகா தொழில் கற்றுக்கொண்டது அந்த நூனிஸிடம்தான்.

பெரிய பட்டறையில் முறை தெரிந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் 'பெரிய தீவு'க்குப் போ என்றார்கள். ஹொனலூலுவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஹீலோ. இறங்கும்போதே மழை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர். குடை பிடிப்பவர் யாரையும் காணோம். அங்கிருந்து வடக்கே ஹாமாகுவா கரையோரமாகச் சாலை போகிறது. இடப்பக்கம் 4,200 மீட்டர் உயர மௌனா கேயா மலை, வலப்பக்கம் செங்குத்தாக இறங்கும் கடல். ஒரு காலத்தில் இந்தச் சரிவு முழுக்கக் கரும்பு. 1990-களின் நடுவில் கடைசி ஆலைகளும் மூடப்பட்டன. தகரக் கூரை போட்ட தோட்டத்து மரவீடுகளும், மதேராக்காரர்கள் விட்டுப்போன மலசாடா என்ற சர்க்கரை தூவிய பொரித்த பண்டமும் மிச்சம்.

அப்படி ஒரு தகரக் கூரைக்குக் கீழேதான் நான் தேடிப்போன பட்டறை. ஹவாயிலும் வயதில் மூத்தவரை எல்லாரும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்குச் சிரமமே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அங்கிள், பார்க்கலாமா?" என்றேன். எழுபதை நெருங்கும் அவர் இழைப்புளியை வைத்துவிட்டு, "பார்க்கலாம். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வாங்க, மழைக்காற்று உள்ளே வரக்கூடாது" என்றார். சுவரில் ஈரப்பதமானி, முள் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. வெளியே அவ்வளவு ஈரம், உள்ளே இயந்திரம் வைத்துக் காற்றை உலர்த்திக்கொண்டிருக்கிறார். ஈரத்தில் ஒட்டிய மரம் வெயில் ஊருக்குப் போனதும் சுருங்கி வெடித்துவிடும் என்பது கணக்கு.

பின்னறையில் கூரைவரை பலகைகள், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கியவை. எல்லாம் கோஆ. ஹவாயைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத மரம். நம் வேலமரத்துக்குத் தூரத்து உறவு. கன்றாக இருக்கும்போது வேலின் சிற்றிலைகளோடு நிற்கும். வளர்ந்ததும் அந்த இலைகள் போய், காம்பே அகன்று அரிவாள் வடிவில் இலையின் வேலையைச் செய்யும். இதன் நெருங்கிய சொந்தம் இருப்பது இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், நம்மவர்கள் கரும்புக்காகவே குடியேறிய அதே தீவில். ஹவாயிலிருந்து போன விதையே பதினான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே முளைத்து இன்னொரு இனமானது என்று 2014-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. இடைவெளி 18,000 கிலோமீட்டர். கடற்பறவை ஏதாவது கொண்டுபோயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

மரத்துக்கு வந்த கேடு கப்பலில் வந்தது. 1793-இல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் அரசர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். பத்தாண்டு யாரும் அவற்றைக் கொல்லக்கூடாது என்று அரசர் தடை போட்டார். மாடுகள் பெருகிக் காடேறின. கோஆக் கன்றுகளைத் தின்றே காட்டைக் குறைத்தன. மேய்ச்சல் நிலத்துக்காக மனிதர்கள் வெட்டியது வேறு. அதனால் அங்கிள் நிற்கும் மரத்தைத் தொடுவதில்லை. புயலில் விழுந்தது, பட்டுப்போனது, மேய்ச்சல் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது இவைதான் வருகின்றன. கருவியின் விலையில் முதல் பங்கு இங்கேயே போய்விடுகிறது.

ஒரு பலகையை உருவினார். மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகைப் பெருவிரல் கணுவால் நடுவில் தட்டினார். 'ணங்' என்று ஒலித்து, கொஞ்சம் நின்று அடங்கியது. அடுத்ததைத் தட்டினார். 'தொப்'. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டாவதில் அலையலையாகச் சுருள் ரேகை ஓடி இன்னும் அழகாகவே இருந்தது. "இதைப் பெட்டி செய்பவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று ஓரமாக வைத்தார்.

ஒலித்த பலகையைத் தடிமன் பாதியாகும்படி இரண்டு ஏடுகளாக அறுத்து, புத்தகம் விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் ரேகை ஒத்துவரும். பிறகுதான் மெலியவைக்கும் வேலை. நாலைந்து மில்லிமீட்டரில் தொடங்கி, இழைப்புளியிலும் சுரண்டித் தகட்டிலுமாக இரண்டு மில்லிமீட்டர் வரை கொண்டுவருகிறார். ஒரு சீவல், ஒரு தட்டு. மறுபடி ஒரு சீவல், ஒரு தட்டு. கடைசி அரை மில்லிமீட்டரில் அளவுகோலை எடுத்து வைத்துவிட்டார். "கனமாக இருந்தால் நரம்பு கத்தும், மரம் பேசாது. மெலிந்துவிட்டால் கொஞ்ச நாள் அருமையாகப் பேசும், அப்புறம் குதிரைக்குப் பக்கத்தில் குழிந்துவிடும்." எங்கே நிறுத்துவது? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை; பலகையை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். தட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வாங்கி ஓரத்தில் மட்டும் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி கொடுத்தார். இப்போது ஒலி கீழிறங்கி அகலமாகியிருந்தது. அது எனக்கே கேட்டது.

பக்கப் பலகையை வளைப்பதைப் பார்க்கக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். தண்ணீர் தெளித்த மெல்லிய பட்டையை, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் வைத்து அழுத்துகிறார். ஆவி புஸ்ஸென்று கிளம்புகிறது. மரம் முதலில் முரண்டு பிடிக்கிறது. பிறகு ஒரு நொடியில் நெகிழ்ந்து கொடுக்கிறது. அந்த நொடிக்கு முன்னால் அழுத்தினால் முறியும், தாமதித்தால் கருகும். கருவியின் இடுப்பு வளைவு முழுக்க இப்படி விரலளவு விரலளவாக நகர்ந்தே வருகிறது.

விரல்பலகைக்கு அவர் எடுத்த கருஞ்சிவப்புக் கட்டையைப் பார்த்ததும் எனக்கு முகம் மலர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். உலகம் முழுக்க கிட்டார் செய்பவர்கள் மதிக்கும் மரம் அது. மெருகுக்கும் நம் நாட்டுச் சரக்குதான்: ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. துணிப்பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்கிறார். படலம் மெல்லியதாக இருப்பதால் மரத்தின் அதிர்வை அது அமுக்குவதில்லை.

பட்டறையின் மறுபக்கம் மாண்டலினும் டெனர் கிட்டாரும் பாதி வேலையில் கிடந்தன. உகுலேலேயின் நான்கு நைலான் நரம்புகள் சேர்ந்து இழுப்பது இருபது கிலோ அளவில். மாண்டலினில் நான்கு ஜோடி எஃகுத் தந்திகள்; இழுப்பு எழுபது கிலோவைத் தாண்டும். உகுலேலேயின் தட்டைப் பலகை அதைத் தாங்காது. ஆர்வில் கிப்சன் 1898-இல் காப்புரிமை வாங்கிய வழியில், கனமான கட்டையை வயலின்போல் மேடாகக் குடைந்தெடுக்கிறார். கோஆ இங்கே இல்லை, மேலே ஸ்புரூஸ், கீழே மேப்பிள். டெனர் கிட்டாருக்கும் நான்கே தந்தி. 1920-களில் பாஞ்சோ வாசித்தவர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமல் கிட்டாருக்கு வர வழி செய்த கருவி. மாண்டலினைப் போலவே ஒவ்வொரு தந்திக்கும் அடுத்தது ச–ப இடைவெளியில் நிற்கும். சுருதி மட்டும் கீழே.

மாண்டலின் என்றதும் கைப்பேசியில் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்த ஒரு கீர்த்தனையைப் போட்டேன். அங்கிள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கமகம் வந்த இடத்தில், "ஜோடித் தந்தியில் இப்படி இழுக்க முடியாதே" என்றார். ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின் என்றேன். "அப்படியானால் சரி" என்று தலையாட்டிவிட்டு, முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தன் கருவிகளில் மாதத்துக்கு மூன்று நான்குக்கு மேல் அவரால் முடிவதில்லை. பல ஆண்டு உலர்ந்த விழுமரம், தட்டித் தட்டி நிறுத்திய பலகை, நாள் கணக்கில் தேய்த்த மெருகு. கண்ணாடி அலமாரியில் பார்த்த விலை எனக்கு இப்போது அதிகமாகத் தெரியவில்லை. கொடுக்கும் பணத்தில் பாதி மரத்துக்கு என்றால், மீதி எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவருக்கு.

ஹவாய் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதைக் கடற்கரையிலிருந்து திருடி இதற்குக் கொடுங்கள். கமாகாவில் வாரநாட்களில் இலவசமாகவே சுற்றிக்காட்டும் வழக்கம் உண்டு. நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சிறு பட்டறைகளுக்குக் கேட்காமல் போகாதீர்கள். வேலையின் நடுவே கதவைத் திறப்பது அவர்களுக்குத் தொந்தரவு. வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒலித்துளையின் விளிம்பு. மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். மேலே எவ்வளவு அழகான கோஆ தெரிந்தாலும் அது தோல் மட்டும்தான்.