மடியும் மேசையும்



நான் தென்காசியில் பிறந்தவள். தமிழாசிரியையாகப் பணியமர்த்தம் பெற்று, மகளுடன் டிராம்பேக்கு வந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதும் மடிக்கணினி வழியே வீட்டிலிருந்து பாடம் நடத்தினேன். பள்ளி மீண்டும் திறந்த பின்னரும் பணி வீட்டைவிட்டு வெளியேறவில்லை. அடுப்பங்கரையிலும் கட்டிலிலும் மடிக்கணினி என்னுடனேயே இருந்தது.

அப்போது இரண்டாம் வகுப்பில் படித்த என் மகள், ‘என் அம்மா’ என்னும் தலைப்பில் ஐந்து தொடர்கள் எழுதினாள். “அம்மாவின் மடியில் எப்போதும் கணினி இருக்கும்” என்பது நான்காம் தொடர். அதில் எழுத்துப்பிழை இல்லை, பிழை என்னுடையது.

சில மாதங்களில் அக்கணினி பழுதடைந்தது. “மடிக்கணினியே வாங்குங்கள்; எங்கும் எடுத்துச் செல்லலாம், மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் இயங்கும்” என்றனர் உடன் பணிபுரிவோர். எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதே எனக்குக் குறையாகத் தோன்றியது.

நம் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1969இல் ஒரு கணினி உருவாக்கப்பட்டது. ‘டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்’ என்று நம் ஊரின் பெயரையே அது தாங்கியது. அத்தகைய கணினியை எவரும் வீட்டிற்குத் தூக்கிச் செல்ல இயலாது. பணி முடிந்தால் மனிதர்தாம் எழுந்து வரவேண்டும். அதனை நினைத்து மேசைக்கணினியே வாங்கினேன், சன்னலோரம் வைத்தேன். மாலை ஏழு மணிக்கு அதனை அணைத்துவிட்டு எழுவது வழக்கமாயிற்று.

இதில் இழப்பும் உண்டு. ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டு, உள்ளிட்ட மதிப்பெண்கள் பாதி அழிந்தன. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அதனைக் கொண்டுசெல்ல முடிவதில்லை. ஆயினும் அந்நாள்களில் என் தாயாரோடு நிம்மதியாகப் பேசுகிறேன்.

தாராவியில் ஒரே அறையில் வாழும் குடும்பங்கள் பல. அங்கே தனி மேசைக்கு இடமேது? அத்தகைய வீட்டில் மடிக்கணினியே பொருந்தும். ஆனால், அதனை மூடிவைக்க ஒரு நேரம் வேண்டும். இடத்தால் எல்லை வகுக்க இயலாதபோது காலத்தால் வகுக்கலாம்.

இப்போது மாலையில் என் மகள் மடியில் தலைவைத்துத் தமிழ்க் கதை கேட்கிறாள்.

சொற்பொருள்
பணியமர்த்தம் – வேலையில் அமர்த்தப்படுதல்
வகுத்தல் – பிரித்து அமைத்தல்

வினாக்கள்
1. “பிழை என்னுடையது” என்று ஆசிரியை கூறுவது ஏன்?
2. உங்கள் வீட்டில் பணிக்கும் ஓய்வுக்கும் எவ்வாறு எல்லை வகுப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.