முதல் வார்த்தை

மணிமங்கலத்துக்குக் குடிவந்த புதிதில், இது புலிகேசி தோற்ற ஊர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரகடம் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் ஏறும், இதைத்தான் சொன்னார்கள். கல்கி படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களங்களில் ஒன்று இந்த மணிமங்கலம். அந்தக் களங்களை வரிசையாகச் சொல்கிற கூரம் செப்பேடு, புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகிலேயே பல்லவன் வெற்றி என்று எழுதிவிட்டான் என்கிறது. அப்பன் மகேந்திரவர்மன் பட்ட அவமானத்துக்கு மகன் தீர்த்த கணக்கு. 642 வாக்கில் வாதாபியே விழுந்தது. வாதாபி கொண்டான் என்று பட்டமும் கிடைத்தது. பழி தீர்த்தவனுக்கு நம் நாட்டில் பட்டம் உண்டு, செப்பேடு உண்டு, தொடர்கதையும் உண்டு.

மன்னித்தவர்களுக்கு என்ன உண்டு என்று யோசித்தால் பெரிய வெள்ளிதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அன்றைக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் பண்ணுவார்கள். முதல் வார்த்தை, தம்மை ஆணியடித்தவர்களுக்காகப் பிதாவிடம் அவர் கேட்ட மன்னிப்பு. எங்கள் கோயிலில் அதை வாலிபர் சங்கத்துப் பையன் எவனுக்காவது தள்ளிவிடுவார்கள். அவன் பேசும்போது பாதிச் சபை அப்போதுதான் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். ஏழில் அதிகம் கேட்கப்படாத வார்த்தை அதுதான்.

ஆச்சி மட்டும் முதல் மணிக்கே வந்து தூணோரம் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் திருவிருந்து ஞாயிறுகளில் பந்திக்கு எழும்ப மாட்டாள். எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட, இவள் பாயிலேயே குனிந்திருப்பாள். தாத்தா செத்த பிறகு கொழுந்தனார் எல்லைக்கல்லை நகட்டிப் பனைவிளையில் ஒரு பாகத்தைத் தனதாக்கிக்கொண்டார். மனசில் பகையை வைத்துக்கொண்டு அப்பத்தை வாங்கக் கூடாது என்பது அவள் கணக்கு. ஒரு கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் திடீரென்று எழும்பிப் பந்திக்குப் போனாள். விளை திரும்பி வரவில்லை. கொழுந்தனார் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பிறகு ஒருநாள் நான் கிண்டிக் கேட்டதற்கு, "விளை போனாப் போவட்டும்ல. எனக்குப் பந்தியில எடம் வேணும்லா" என்றாள். அந்த நிலத்துத் தீர்வை ரசீதுகளை மட்டும் கடைசி வரை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்த ரசீதுகளின் அர்த்தம் எனக்குப் புரிந்தது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மூலமாக. 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் வண்டியோடு வைத்து எரித்தது. பிலிப்புக்குப் பத்து வயது, திமோத்திக்கு ஆறு. ஆஸ்திரேலியரான கிரகாம் 1965இல் வந்து, பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தவர். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவருடைய மனைவி கிளாடிஸ் சொன்னார். மகள் எஸ்தரோடு உடனே ஊருக்குக் கப்பலேறியிருக்கலாம். போகவில்லை. 2004 வரை அதே பாரிபடாவில் தொழுநோய் இல்லத்தை நடத்தி, கணவர் பெயரில் ஒரு மருத்துவமனையும் எழும்பிய பிறகே கிளம்பினார். 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. மன்னிப்பதையும் குற்றத்துக்கான சட்டத் தண்டனையையும் குழப்பக் கூடாது என்றும் அவர் சொன்னார். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் தூக்கு, 2005இல் உயர் நீதிமன்றத்தில் அது ஆயுளாகக் குறைந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. அந்த அம்மா கோர்ட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை. பகையைத்தான் இறக்கி வைத்தார், ரசீதை அல்ல.

எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போதும் இந்த நினைப்பு ஓடும். 1991 மே 21 ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது அங்கே. 2008இல் அவர் மகள் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்குப் போய், அந்த வழக்கில் தண்டனை பெற்ற நளினியைப் பார்த்துவிட்டு வந்தார். அதை எந்த மதத்தின் கணக்கிலும் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. அப்பனை இழந்த ஒரு பெண் தானாகக் கிளம்பிப் போனாள், அவ்வளவுதான்.

மதக் கணக்கு வேண்டாம் என்றால் இன்னும் பழையவன் ஒருவன் இருக்கிறான். மணிமங்கலத்தில் தொடங்கியது வாதாபியோடு முடியவில்லை. சாளுக்கியர் திரும்பி வந்தார்கள், பல்லவர் திரும்பிப் போனார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். அங்கே ஒரு தூணில் கன்னடத்தில் இருக்கிறது அந்தச் செய்தி. அரசியல் கணக்கும் இருந்திருக்கும்; இருக்கட்டும். தன் முன்னோரின் ஊரைச் சூறையாடியவர்களின் கோயில் அது. அவன் பைபிளைக் கண்ணால் கண்டவனில்லை.

கிருபை இலவசம் என்று எங்கள் பிரசங்கங்களில் ஓயாமல் கேட்டிருக்கிறேன். வாங்குகிறவனுக்கு இலவசம்தான். கொடுக்கிறவர் தலையில் மொத்தச் செலவும் விழுகிறது. ஆச்சிக்கு விளையில் ஒரு பாகம், கிளாடிஸுக்கு மூன்று உயிர். சிலுவையின் கதையே அதுதானே? அடிபட்டு வந்து நிற்கிற மனைவியிடம், சீட்டுப் பணத்தைப் பறிகொடுத்த விதவையிடம், "மன்னிச்சு விட்டுருங்கம்மா" என்று சபைப் பெரியவர்கள் சுலபமாகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். தன் கையிலிருந்து ஒரு பைசா செலவாகாதவன் சொல்லக் கூடாத வாக்கியம் அது. மன்னிப்பது அடிபட்டவரின் உரிமை. அவரிடமிருந்து அதைப் பிடுங்கி அடித்தவனுக்குத் தானம் பண்ண சபைக்கு அதிகாரம் கிடையாது.

அடுத்த பெரிய வெள்ளிக்கு முதல் வார்த்தை எந்தத் தம்பியின் கைக்கு வருகிறதோ தெரியாது. தம்பி, ஜனங்கள் உட்காரட்டும், அதுவரை பொறுங்கள். பிறகு ஆணியடித்தவன் பக்கமிருந்து ஆரம்பிக்காமல், ஆணி வாங்கியவர் பக்கமிருந்து பேசுங்கள். போலீஸில் புகார் கொடுத்திருக்கிற பெண் ஒருத்தி முன்வரிசையில் இருந்தால், அவள் புகாரை வாபஸ் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.