ஏரிக்கரைக்கு எந்த வரைபடம்?

ஐயம்பேட்டை என்று தேடினால், தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை வந்து நிற்கலாம். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே தறிச் சத்தத்தோடு இருக்கிற பட்டு ஐயம்பேட்டை வேண்டுமென்றால், ஆங்கில எழுத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றி அடிக்க வேண்டியிருக்கும். கைபேசியில் இது ஒரு நிமிட வேலை. கையடக்க ஜிபிஎஸ் கருவியில் அப்படி இல்லை. உள்ளே ஏற்றிய வரைபடத்தில் இருப்பதுதான் கிடைக்கும். அதில் இல்லாத தெரு இல்லாததுதான். எந்தக் கருவி வாங்கலாம் என்று யோசிப்பதில் பாதி அக்கறையையாவது, அதற்குள் எந்த வரைபடத்தை எந்த மென்பொருளால் ஏற்றுவது என்பதற்கும் கொடுத்தாக வேண்டும்.

கைபேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? ஏரிக்கரை, வரத்துக் கால்வாய், இடிந்த மண்டபம் என்று நாள் முழுக்க வெயிலில் அலைகிறவர்களைக் கேட்டால் தெரியும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 20, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டில் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்கிறது அந்த நிறுவனம். டவர் தேவையில்லை, உச்சி வெயிலிலும் திரை தெரியும். ஆனால் அதனோடு 2011-இல் அதே வரிசையில் வந்த ஈட்ரெக்ஸ் 10-இல் வரைபடம் ஏற்றவே முடியாது. விலை குறைவு என்று அதை வாங்கியவருக்கு மென்பொருள் தேர்வு என்ற பேச்சே இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு ரகம். இந்தியாவில் அவற்றை உரிய அனுமதியில்லாமல் வைத்திருந்தால் போலீஸ், வழக்கு என்று போய்விடும்.

காருக்கென்று தயாரித்து விற்கும் சாலை வரைபடங்கள் வழி சொல்வதில் கெட்டி. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். இங்கே நடக்கிறவருக்கு ஏரியின் கரை எங்கே வளைகிறது, மதகு எந்தப் பக்கம், கலங்கல் எங்கே என்பதுதான் முக்கியம். கார் வரைபடத்தில் ஏரி வெறும் நீலத் திட்டு.

மலையேறிகள் விரும்பும் உயரக்கோட்டு வரைபடமும் இங்கே பெரிதாக உதவாது. ஓப்பன்டோப்போமேப் போன்றவற்றின் கோடுகளுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த அளவுகள். ஜவ்வாது மலையில் அந்தக் கோடுகள் கைகொடுக்கும். காஞ்சிபுரத்துச் சமவெளியில் ஓர் ஏரிக்கரையின் உயரமே சில மீட்டர்தான். கோடுகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடுகிறது.

எனவே கை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம்தான் போகிறது. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம் என்கிற வரைபடம் அது. அதன் தகவலைக் கார்மின் படிக்கும் கோப்பாக மாற்ற எம்கேஜிமேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மெமரி கார்டில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் போட்டால் முடிந்தது. கணினியில் பார்க்கவும் பாதைகளைச் சேமிக்கவும் கார்மினின் பேஸ்கேம்ப் உண்டு, லினக்ஸ்காரர்களுக்கு க்யூமேப்ஷேக்.

எம்கேஜிமேப்பை ஓட்டுவதற்கு முன் பெயர் விஷயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குத் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் தனித்தனியாக இருக்கலாம். எது முதலில் வர வேண்டும் என்று மென்பொருளிடம் சொல்லலாம். ஆனால் ஈட்ரெக்ஸ் 20 போன்ற கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. காஞ்சிபுரத்து ஊர்ப் பெயர்களைக் காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு தமிழில் படிக்க முடியாதது வருத்தமான விஷயம். இப்போதைக்கு ஆங்கிலப் பெயரை முதலில் வைப்பதுதான் வழி.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாளை ஸ்கேன் செய்து அதன்மேல் புள்ளிகளைப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பணியின் வழியில் வந்தவை அந்தத் தாள்கள்; அவற்றின் கணக்கு எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி அளவுமுறையின் மேல் நிற்பது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அளவுமுறை. கருவியிலோ மென்பொருளிலோ அளவுமுறையை மாற்றாமல் விட்டால், மதகின் மேல் நின்று எடுத்த புள்ளி நூறு மீட்டருக்கும் மேலே தள்ளி, ஏரிக்கு நடுவிலோ யாருடைய கழனியிலோ போய் விழும். துறையின் புதிய பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை; அவை டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கின்றன.

எந்த வரைபடத்திலும் ஏறாத சங்கதிகளும் உண்டு. விடியற்காலையில் நெசவாளர் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டுப் பாவு நீட்டியிருக்கும்போது, வரைபடம் அதை வண்டி போகும் தெரு என்றே காட்டும். ஆட்கள் பாவின் இரு பக்கமும் நின்று இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கருவி சொல்கிறதே என்று பைக்கை உள்ளே விடக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும்.

ஏரி விஷயம் அப்படியல்ல, அது திருத்தக்கூடியது. கார்த்திகையில் தளும்புகிற ஏரி சித்திரையில் மாடு மேயும் தரை. பருவத்துக்கு மட்டும் நீர் நிற்பது என்று குறிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வழி இருக்கிறது, ஆனால் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து வரைந்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கரையில் நடந்தவர் தன் தடத்தை ஏற்றி, மதகையும் கலங்கலையும் குறித்து, பருவத்தையும் சேர்த்துவிடலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்தியர்கள் இப்படித் தகவல் திரட்ட முன் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கும் வரைபடத்தில் இந்த உரிமை வராது. ஏரிக்கரையே குப்பை மேடாகவும் மனைப்பிரிவாகவும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில், கரை எதுவரை இருந்தது என்பதை ஊர்க்காரர்களே பொதுவில் பதிந்து வைப்பதற்கு மதிப்பு மிக அதிகம்.

பதிந்தது கருவிக்குத் தானாக வந்து சேராது. கோப்பை மறுபடி உருவாக்கி மெமரி கார்டில் மாற்ற வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்பை இறக்குகிறவர்கள், அது எந்தத் தேதியின் தகவலில் உருவானது என்று பார்த்துவிட்டு இறக்குவது நல்லது.