ஜெர்மன் விளக்கு

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ஜெர்மன் விளக்குதான். முக்கால் அடி உயரம், பித்தளை, மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பது. தாத்தா காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். ராத்திரி சரக்கு இறங்கும்போது இந்த வெளிச்சத்தில்தான் சிட்டை போடுவாராம். அவர் போன பிறகு நடந்த பாகப் பேச்சில், நிலத்தைவிட விளக்குக்குத்தான் சத்தம் அதிகம். மார்க்கெட் பக்கம் பழைய பாத்திரம் எடுப்பவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜெர்மன்னா தனி ரேட்டு தம்பி. இல்லேன்னா கிலோ கணக்குதான்" என்றார். "நீதான் இன்ஜினியராச்சே, கண்டுபிடி" என்றார் சித்தப்பா.

நான் எழுதுவது மென்பொருள். ஆனாலும், எழுதியவர் பெயரில்லாத பழைய கோடு எந்தக் காலத்தது என்று தோண்டுகிற அதே வேலைதான் இதுவும்.

முதலில் காந்தம். ஒட்டவில்லை. அப்படியென்றால் இரும்புக்கு மேல் பூசிய முலாம் இல்லை. அடுத்து பர்னர். புளி போட்டுத் தேய்த்ததும், திரியை ஏற்றி இறக்கும் திருகில் எழுத்து தெரிந்தது: டி.ஆர்.ஜி.எம். சின்னச் சின்னக் கருவிகளின் அமைப்பைப் பதிவு செய்ய ஜெர்மனியில் 1891இல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பதிவின் சுருக்கம் இது. ஆக, பர்னர் 1891க்கு முந்தியது இல்லை. பக்கத்தில் 14, அதன் தலையில் மூன்று கோடு. பழைய பிரெஞ்சு அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான 'லைன்' அளவு அது, சுமார் 2.26 மில்லிமீட்டர். மீட்டர் வந்த பிறகும் விளக்குத் தொழில் அதை விடவில்லை.

'மேட் இன் ஜெர்மனி' என்ற வாசகத்துக்கே ஒரு கதை உண்டு. அந்நியச் சரக்கு உள்ளூர்ச் சரக்காக வேஷம் போடக் கூடாது என்று 1887இல் பிரிட்டன் சட்டம் போட்டது. மட்டம்தட்ட வந்த முத்திரை, போகப்போகத் தரத்தின் முத்திரையாகிவிட்டது. தாத்தாவின் பெருமைக்கும் வேர் அங்கேதான்.

பர்னரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். எண்ணெய்க் கிண்ணத்தில் அரம் ராவிய தடம். மரை வளையம் லேசாகச் சாய்ந்து, கையால் பற்ற வைத்திருந்தது. தண்டும் பாதமும் அசல் குத்துவிளக்கு. நாச்சியார்கோயில் விளக்குபோல, தனித்தனியாக வார்த்து முறுக்கிச் சேர்த்தவை. பர்னர் மட்டும் கப்பலில் வந்திருக்கிறது. உடம்பு நம்மூர்ப் பட்டறை.

"அப்ப கிலோ கணக்குதானா?" சித்தப்பா முகம் வாடியது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த அத்தை அதுவரை வாயே திறக்கவில்லை. "சிம்னி எங்கடா?" என்று மட்டும் கேட்டார்.

சிம்னிக்குள் பெரியவர்கள் கை நுழையாது. ஏழு வயதிலிருந்து தினம் சாயங்காலம் சாம்பல் போட்டுத் துடைத்தது அத்தைதான். விரிசல் விட்ட கண்ணாடி கிழித்த தழும்பு கட்டைவிரல் இடுக்கில் இன்னும் இருக்கிறது. வீட்டில் அந்த வெளிச்சத்தில் சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அத்தை அஞ்சாவதோடு சரி.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 2005இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. நாங்கள் இரண்டு மணி நேரம் பேசியதில் அந்தப் பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை.

விளக்கு அத்தைக்குப் போகட்டும் என்றேன். சித்தப்பா உடனே சரி என்றுவிட்டார். அந்த 'உடனே'தான் எனக்கு உறுத்துகிறது. நிலத்தைப் பற்றி இனிமேல்தான் கேட்க வேண்டும்.