வருவது அம்மாவா, அக்காவா?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது: ‘மை மதர் டோல்ட் மை சிஸ்டர் தட் ஷீ வில் கம் ஆன் ஃப்ரைடே.’ ராஜகீழ்ப்பாக்கத்தில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் நோட்டுகளில் இந்த மாதிரி வாக்கியத்துக்குப் பஞ்சமே இல்லை. ‘வில்’லை அடித்து ‘வுட்’ போட ஒரு நொடி போதும். ‘ஷீ’யை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை வரப்போவது அம்மாவா, அக்காவா? எந்த இலக்கணப் புத்தகமும் அதைச் சொல்லாது. எழுதியவளைத்தான் கேட்க வேண்டும்.

“யாரும்மா வர்றது?”

“அம்மாதான் சார். அக்கா வீட்டுக்கு, வளைகாப்பு பத்திப் பேச.”

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எப்படி இருக்கும்? அவள் மனதில் ஓடியது, ‘வெள்ளிக்கிழமை வர்றேன்னு அம்மா அக்காகிட்ட சொன்னாங்க’ என்பது. ‘வர்றேன்’ என்பதன் விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. அக்காவைக் கூப்பிட்டிருந்தால் ‘வரச் சொன்னாங்க’ என்றிருப்பாள். நம் ‘என்று’ செய்யும் வேலை அபாரமானது. சொன்னவர் வாயிலிருந்து வந்ததை, ஆளும் காலமும் கலையாமல் அப்படியே கொண்டுவந்து வைத்துவிடும். ஆங்கிலத்தில் ‘தட்’ வந்ததும் ‘ஐ’ ‘ஷீ’ ஆக வேண்டும், ‘வில்’ ‘வுட்’ ஆக வேண்டும். இவள் முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதைத் தமிழில் இருந்தபடியே விட்டிருக்கிறாள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலத்தைப் பற்றிப் பேசினால் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. அவசரத்தில் பேசுகிறவன், இனி நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் நடந்து முடிந்ததாகச் சொல்லலாம் என்று சொல்லதிகாரத்தின் வினையியலில் ஒரு விதி உண்டு. அதற்கு உரைகாரர்கள் காட்டும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். சோறு ஆகத் தாமதம். ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை. அவனோடு புறப்பட வேண்டியவன், இன்னுமா சாப்பிடவில்லை என்று அவசரப்படுத்துகிறான். ஒரு கவளம்கூட உண்ணாதவன், உண்டாயிற்று, புறப்பட்டாயிற்று என்கிறான். அதைப் பொய்யென்றும் பிழையென்றும் தள்ளாமல், அந்த அவசரத்துக்கே இலக்கணத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டியை நிறுத்திக்கொண்டு போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறவரும் அதே விதிப்படிதான் பேசுகிறார். அவர் பிள்ளை அதை ஆங்கிலத்தில் ‘ஐ கேம்’ என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். சுழிக்கத்தான் வேண்டும்; ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐ ஆம் கமிங்’தான். ஆனால் அந்த ‘கேம்’ எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?

அதனால் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். பிறகு மேற்கோள்குறி போட்டு நேர்கூற்றாக எழுத வைக்கிறேன். ‘ஐ வில் கம்’ என்று அம்மாவின் வார்த்தையாகவே எழுதிவிட்டால் ஆளும் குழம்பாது, காலமும் குழம்பாது. பரீட்சையில் அயற்கூற்றாக மாற்றச் சொல்வார்கள். அங்கே ‘ஷீ’ யாரென்று தெரியாவிட்டால் ‘மதர்’ என்றே இன்னொரு தரம் எழுதச் சொல்கிறேன். ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் அழகு குறையும் என்பார்கள். குறையட்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்க வீடு தேடி வருவது யார் என்று அக்காவின் மாமியாருக்குத் தெரிந்தாக வேண்டும்.