அண்ணனின் பெஜோ காரும் அமெரிக்காவின் 25 வயதுக் கணக்கும்

1980களில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மகிந்திரா ஜீப் இருந்தது. அதில் இருந்தது பெஜோ டீசல் இன்ஜின். டிரைவர் அதைப் 'பியூஜியாட்' என்பார். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், சும்மா இருக்க முடியுமா? "பெஜோன்னு சொல்லுங்க" என்று திருத்துவேன். "எப்படிச் சொன்னாலும் ஓடும் சார்" என்பார்.

அந்த பெஜோவை அமெரிக்காவில் ஒருவர் புதிதாக வாங்கவே முடியாது என்பது என் எழுபதாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிய வந்த கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் புதுச்சேரிப் பேச்சில் சொல்தா. 1962இல் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது அவர் பிரான்சைத் தேர்ந்தெடுத்தார், என் அப்பா இந்தியாவோடு நின்றுவிட்டார். அதனால் பெரியப்பா மகன் பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறினார், நான் இங்கே ஃபைல் புரட்டினேன். 1999இல் அண்ணன் புதிதாக ஒரு பெஜோ 406 டீசல் கார் வாங்கினார்.

2004இல் நானும் என் மனைவியும் போயிருந்தபோது அந்தக் காரில்தான் மார்செய் வரை கூட்டிப்போனார். ஏறக்குறைய 775 கிலோமீட்டர். வழியில் எண்ணெய் போட நிற்கவே இல்லை. காரில் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் எழுதுவார். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டருக்குள் கணக்கு வந்தது. அங்கே டீசலுக்குப் பெட்ரோலைவிட வரி குறைவு, அதனால் ஊரே டீசல் கார் வைத்திருந்தது.

2020இல் அண்ணன் காலமானார். அவர் மகன் நியூ ஜெர்சியில் வேலையில் இருக்கிறான். அவன் போன் செய்து, "சித்தப்பா, அப்பா காரை நான் இங்கே கொண்டுவரணும்" என்றான். அண்ணியோ காகிதம் எல்லாவற்றையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பி, "தம்பி, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? விதிகளைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் முன்பு பெஜோவும் விற்றது, ரெனோவும் விற்றது. ரெனோ 1987இல் விலகியது, பெஜோ 1991இல். அந்த நாட்டுக்கென்று செய்யாத காரை வெளியிலிருந்து கொண்டுவருவதற்கு 1988இல் ஒரு சட்டம் போட்டார்கள். அங்குள்ள பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றிக் காட்ட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆனால், தயாரித்து 25 வருடம் ஆகிவிட்டால் அந்த விதிகள் பொருந்தாது. புகை விதிகளுக்கு 21 வருடம் போதும்.

டீசலுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஐரோப்பியர்கள் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் புகைமூட்டத்தில் அவதிப்பட்ட அமெரிக்கர்கள் நைட்ரஜன் ஆக்சைடைப் பார்த்தார்கள். 2009இல் வந்த ஐரோப்பிய விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் வரை அனுமதித்தது. அமெரிக்காவில் அப்போது பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் ஒரே வரம்புதான் இருந்தது, ஏறக்குறைய 43 மில்லிகிராம். அதாவது, பாரிசில் பாஸான கார் அங்கே நான்கு மடங்கு ஃபெயில். அந்த வரம்புக்குள் வரமுடியாமல் சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்க வைத்த ஃபோக்ஸ்வாகன் 2015இல் மாட்டிக்கொண்டது அனைவருக்கும் தெரியும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நம் ஊரில் ஓடிய ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது ஃபியட் இன்ஜின், டஸ்டர் டீசலில் இருந்தது ரெனோ இன்ஜின். நம் தெருவில் நிற்கும் அந்த இரண்டு காரையும் அமெரிக்கர்கள் வாங்க முடியவில்லை!

பிரான்சில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2017இல் அண்ணன் கார் வயதுள்ள டீசல் வண்டிகள் வார நாட்களில் பகலில் பாரிசுக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். ஆக, பிறந்த நாட்டில் கிழவன் என்று துரத்தினார்கள், போக வேண்டிய நாட்டில் இன்னும் வயசாகவில்லை என்று நிறுத்தினார்கள். புகை அதிகமாகக் கக்கும் வயதில்தான் உள்ளே வா என்கிறது விதி.

காகிதத்தைப் பார்த்தேன். தயாரித்தது செப்டம்பர் 1999. காத்திருந்தால் செப்டம்பர் 2024. நான்கு வருடத்துக்கும் மேல் ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், கப்பல் செலவு என்று கூட்டிப் பார்த்தேன். காரின் விலையைத் தாண்டிப் பல மடங்கு போயிற்று. "வித்துடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். பழைய கார் வியாபாரி ஒருவர் சில நூறு யூரோ கொடுத்து எடுத்துப்போனார். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, பெனின் நாட்டின் கொத்தொனு துறைமுகத்துக்குக் கப்பல் ஏறும் என்றாராம். அண்ணன் மகன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சித்தப்பா" என்றான், அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் ஒரு நாள் காலை அவனிடமிருந்து போன். "சித்தப்பா, இந்த மாசம் அப்பா காருக்கு 25 வயசு. இப்போ கொண்டுவந்திருக்கலாம்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. என் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவன் என்னிடம் கேட்டது கணக்கு இல்லையே. முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவனுக்கு அது புரிய நான்கு வருடம் ஆயிற்று.

அண்ணியிடம் கேட்டேன், அந்த டீசல் நோட்டை அவர் தூக்கிப் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் தேதி, லிட்டர், கிலோமீட்டர். அதை அவனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போகிற நோட்டுக்கு அமெரிக்காவில் வயது கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.