சார்ஜ் லைட்டைத் தொடாதீங்க

சித்தப்பாவின் மஹிந்திரா ஜீப்புக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. மீட்டர் போர்டுக்குள் இருந்த குண்டு பல்புகள் கருத்து, அந்தச் சூட்டில் வண்ண மூடிகளும் பழுப்பேறி, ராத்திரியில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. டவுனுக்குள் ஓடுகிற வண்டி என்றால் இதனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. இது ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற வண்டி. விடியுமுன் போடியில் கிளம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டிலேயே ஏறி, பூப்பாறை தாண்டி, காய் எடுக்கிற பெண்களை வேலை நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். எங்கம்மாவும் அப்படிப் போய் வந்தவர்தான்.

ஏற்றத்தில் டிரைவர் கவனிக்க வேண்டிய முள் டெம்பரேச்சர் முள். மலையில் யாரும் ஸ்பீடு கேட்பதில்லை, அதை இன்ஜின் சத்தமே சொல்லிவிடும். ஆட்களும் தூக்குவாளிகளுமாக நிறைந்த வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது தண்ணீர் சூடேறுவதை அந்த முள்தான் காட்டும். சித்தப்பா வளைவுக்கு வளைவு டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை டார்ச்சில். "பழகிப்போச்சுப்பா" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து வரும் அக்காக்களுக்குப் பழகவில்லை.

எல்.இ.டி. போடலாம் என்று பேச்சு வந்ததுமே அவர் மகன் தேனிக்குப் போய் நீலம் பாய்ந்த வெள்ளைப் பல்புகளை வாங்கி வந்துவிட்டான். பட்டறையில் மாட்டிப் பார்த்தால் கல்யாண மண்டபம் தோற்றது. எலக்ட்ரீசியன் அண்ணன் சிரித்தார். "மஞ்சுக்குள்ள போனா ரோடு தெரியாதுடா தம்பி. மீட்டரு மட்டுந்தேன் தெரியும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். அந்த வேலையைச் செய்யும் கண்ணின் செல்கள் நீலப்பச்சை ஒளிக்குத்தான் மிகவும் கூசும், சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் சிவப்பு விளக்கு வைத்ததும், பி.எம்.டபிள்யூ கார்களில் வெகுகாலம் ஆரஞ்சு மீட்டர் விளக்கு இருந்ததும் இதனால்தான். வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல எல்.இ.டி.தான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்கு 2014இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரிய கண்டுபிடிப்புதான், ஆனால் விடியுமுன் மலை ஏறுகிறவன் கண்ணுக்கு நேரே வைக்கிற சாமான் அல்ல. வயதான கண்ணுக்கு இன்னும் சிக்கல். கண்மணி சுருங்குவதால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் உள்ளே லென்ஸ் மங்குவதால் அதே வெளிச்சம் சிதறிக் கூசும்.

நீலத்தைக் கழற்றி அம்பர் நிறத்தில் போட்டோம். அதிலும் ஒரு தகராறு. குண்டு பல்பு நாலு பக்கமும் ஒளி வீசும், மீட்டரின் உள்சுவரில் பட்டு வட்டம் முழுக்கப் பரவும். முனையில் மட்டும் எரியும் எல்.இ.டி. நேரே அடித்து ஓரிடத்தில் பொட்டு வைத்துவிடும். பக்கவாட்டில் எரிகிறதைத் தேடி வாங்கினோம். இரண்டு பல்பு எரியவில்லை. கழற்றித் திருப்பிப் போட்டதும் எரிந்தன. எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் உண்டு, குண்டு பல்புக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியில் சார்ஜ் லைட் இருந்தது. சாவி போட்டதும் சிவப்பாக எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைகிற பல்பு. எலக்ட்ரீசியன் அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "எல்லாத்தையும் மாத்துங்க. சார்ஜ் லைட்டைத் தொடாதீங்க."

அதைப் பார்த்தால் வெறும் அறிவிப்பு விளக்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. உள்ளே சுற்றுகிற சுருள் காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். அதைக் காந்தமாக்க, ஆரம்பத்தில் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் வேண்டும். 12 வோல்ட்டில் இரண்டரை வாட் குண்டு பல்பு என்றால் சுமார் 200 மில்லிஆம்பியர் போகும். அங்கே சின்ன எல்.இ.டி.யைப் போட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு போனாலே அதிகம். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் சும்மா சுற்றலாம், இன்ஜினை நன்றாக முறுக்கிவிட்ட பிறகு விழிக்கலாம். பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் சரியாகும் என்று விவரம் தெரிந்தவர்கள் செய்வார்கள். குண்டு பல்பை அப்படியே விடுவது அதைவிடச் சுலபம்.

பெட்ரோல் வண்டி என்றால் பேட்டரி இறங்கினால் இன்ஜின் திணறிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய டீசல் இன்ஜினுக்கு ஓடுவதற்குப் பொறி வேண்டாம். சார்ஜ் ஏறாமலே மலை ஏறிக்கொண்டிருக்கும். முதலில் வைப்பர் மெதுவாகும், பிறகு ஹெட்லைட் மஞ்சளாகும். அது பன்னிரண்டாவது வளைவில் சாரலுக்குள் நடந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏன் இருட்டுகிறது என்றுகூடத் தெரியாது.

இப்போது முள் தெரிகிறது. டார்ச் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆனாலும் எதிரே லாரி வந்தால் சித்தப்பா கண்ணைச் சுருக்குகிறார், அதற்கு மீட்டர் பல்பு என்ன செய்யும்? தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று நான் நச்சரிக்கிறேன். காய் எடுப்பு முடியட்டும் என்கிறார். இந்த வருஷம் காய் எடுப்பு தை கடைசி வரை போகும் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.